சவலைப் பிள்ளைக்கு இந்த ரத்தச் சோதனையும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சத்துக்குறைவான பிள்ளைகள் பற்றிய உங்கள் கட்டுரையில் சத்துமாவு, முட்டை, எடை எல்லாம் இருந்தது, ஆனால் பிள்ளை மெலிவதற்கு எச்.ஐ.வி. தொற்றும் காரணமாக இருக்கலாம், அந்தச் சோதனை பற்றி ஒரு வரிகூட இல்லை. காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருபத்தாறு வருஷம் பால்வாடி டீச்சராக இருந்தவள் நான்.

ஒரு பிள்ளை, மூன்று வயது. புஜத்தில் டேப்பைச் சுற்றினால் சிவப்பில் நிற்கும், அதாவது 11.5 சென்டிமீட்டருக்கும் கீழே, கடுமையான மெலிவு. அரைஞாண் கயிறு நழுவி நழுவித் தொடைக்கு வந்துவிடும், அம்மா முடிச்சைச் சுருக்கிச் சுருக்கிக் கட்டுவாள். பட்சி தோஷம் என்று தாயத்து, அப்புறம் பூச்சி மருந்து, அப்புறம் கூடுதலாகச் சத்துமாவு. எடை ஏறவில்லை, வாய்க்குள் வெள்ளை வெள்ளையாகப் படிந்து சோறே இறங்கவில்லை. எச்.ஐ.வி. பார்க்கலாமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, "கர்ப்பத்திலேயே அம்மாவுக்குப் பார்த்து இல்லைன்னு வந்திருக்கே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாலு மாதம் போனது. பிறகு வேறு இடத்தில் பார்த்ததில் தாய்க்கும் பிள்ளைக்கும் இருந்தது.

கர்ப்பத்தில் எடுத்த சோதனை அன்றைய நிலையைத்தான் சொல்லும். அதற்கப்புறம் தாய்க்குத் தொற்றினால் தாய்ப்பால் வழியாகப் பிள்ளைக்கும் வரலாம், இது ஏன் இன்னும் பலருக்குத் தெரியவில்லை? ஒன்றரை வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குச் சாதாரண சோதனையில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளே (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள்) தெரிந்து குழப்பும், அதனால் ரத்தச் சொட்டை அட்டையில் காயவைத்து கிருமியையே நேராகத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்ப வேண்டும். தொற்று அதிகமுள்ள நாடுகளில் கடுமையாக மெலிந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் சோதனை செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் ஊரில் தொற்று குறைவு, சரி, ஆனால் சாப்பாடு கொடுத்தும் தேறாத பிள்ளைக்காவது, காசநோய்ச் சோதனையோடு சேர்த்து, இதையும் பார்க்க வேண்டாமா?

இன்னொன்று. அந்தத் தாயிடம் முடிவைச் சொன்னது வராந்தாவில், நாலு பேர் காதில் விழும்படி. அவள் முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடிக்கொண்டாள். சம்மதம் கேட்க வேண்டும், ரகசியம் காக்க வேண்டும் என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது.

பிள்ளை இப்போது எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து சாப்பிடுகிறது, டேப் மஞ்சளுக்கு வந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் சோதனை இலவசம், விவரம் கேட்க 1097. இதையாவது அடுத்த இதழில் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள்.

– ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர், காரைக்குடி