பிசியோவைப் பார்க்க எதற்கு எலும்பு டாக்டர் சீட்டு? மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனை ஓ.பி. எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். தோள்வலி, முழங்கால் வலி, இடுப்பு வலி என்று வருகிறவர்களை எலும்பு டாக்டரின் சீட்டு கேட்காமல், பயிற்சி கொடுத்து வலியைக் குறைக்கிற பிசியோதெரபி பிரிவிலேயே நேராகப் பார்க்க அனுமதியுங்கள்.

என் அம்மா பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். பல வருடமாகச் சர்க்கரை. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வருகிற அந்தத் தோள் இறுக்கம், ஃப்ரோசன் ஷோல்டர், அவருக்கு வலது தோளில் வந்திருக்கிறது. கை பின்பக்கம் போகாது. தலை சீவி விட ஆள் வேண்டும், ரவிக்கைக்குள் கையை நுழைக்கவும் ஆள் வேண்டும். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியாததால் கூட்டம் இல்லாத பஸ் வரும்வரை நிறுத்தத்திலேயே நிற்கிறார்.

எங்கள் ஊர்ப்பக்கத்து அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது, அங்கே வேலை செய்கிறவர்கள் நல்லவர்கள், கப்பியில் கயிறு போட்டுக் கையைத் தூக்க வைத்து, சுவரில் விரலால் படிப்படியாக ஏறச் சொல்லி, பொறுமையாகப் பார்க்கிறார்கள். ஆனால் அந்த அறைக்குள் நுழைய எலும்பு டாக்டர் கையால் எழுதிய சீட்டு வேண்டும். சீட்டில் “பிசியோ, 10 நாள்” என்று இருக்கும். பத்து நாள் முடிந்ததும் சீட்டும் செத்துவிடும். கை கொஞ்சம் மேலே போக ஆரம்பித்திருக்கிறது, இன்னும் சில வாரம் விடாமல் வாங்க என்று பிசியோதெரபிஸ்டே சொல்கிறார், ஆனால் அவர் சொன்னால் செல்லாதாம். மறுபடி எலும்பு ஓ.பி.க்குப் போக வேண்டும், அது இருக்கிற கிழமை பார்த்து, சத்துணவுக் கூடத்தில் லீவு சொல்லிவிட்டு.

அந்த வரிசையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முன்னால் ஒருவர் மாவுக்கட்டோடு, பின்னால் ஒருவர் பைக்கில் விழுந்து வீங்கின காலோடு. நடுவில் அம்மா, ஒரே ஒரு சொல் எழுதி வாங்க. முறை வந்ததும் டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை, தோளைத் தொட்டும் பார்ப்பதில்லை, பழைய சீட்டைப் பார்த்து அதையே திரும்ப எழுதித் தருகிறார். அவரைக் குறை சொல்லவில்லை, அவ்வளவு கூட்டத்துக்கு அவர் என்ன செய்வார்? சீட்டோடு ஓடினால் பிசியோ பிரிவில் ஓ.பி. நேரம் முடிந்திருக்கும், “நாளைக்கு வாங்கம்மா” என்பார்கள். இந்த இடைவெளியில் கை மறுபடி இறுகிவிடுகிறது. போன தடவை அப்படித்தான் ஆனது, தோள் உயரத்துக்கு வந்திருந்த கை திரும்பக் கீழே போய்விட்டது. ஒருமுறை நான் கெஞ்சிக் கேட்டபோது, “சீட்டு இல்லாம பண்ணினா எங்களைக் கேள்வி கேப்பாங்கம்மா” என்றார் அந்த பிசியோதெரபிஸ்ட். கேள்வி கேட்கிற இடத்தில் இருப்பது உங்கள் துறைதானே, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இதற்குச் சட்டத்தில் தடை இருப்பதாகவும் தெரியவில்லை. 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையினர் ஆணையச் சட்டம், பிசியோதெரபிஸ்ட் நோயாளியை முழுமையாகப் பரிசோதிக்கலாம், தனித்தும் தொழில் செய்யலாம், குழுவில் ஒருவராகவும் செய்யலாம் என்கிறது. ஆஸ்திரேலியாவில் 1976லிருந்தே டாக்டர் சீட்டு இல்லாமல் நேராக பிசியோவைப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் ஏதோ ஒரு வகையில் 50 மாநிலங்களிலும் முடியும். அங்கெல்லாம் நம்பி விடுகிற தொழிலைத்தானே இங்கேயும் வருடக்கணக்கில் சொல்லிக் கொடுக்கிறோம்?

ஆபத்தான வலியைத் தவறவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். காய்ச்சலோடு வரும் வலி, ராத்திரி தூங்கவிடாத வலி, எடை குறைவது, கால் மரத்துப்போவது, விழுந்து அடிபட்டது, இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு டாக்டரிடம் அனுப்புவது பிசியோதெரபிஸ்ட்கள் படிப்பிலேயே இருக்கிறது. இவ்வளவு பயப்படுகிற நாம், மெடிக்கலில் யார் கேட்டாலும் வலி மாத்திரையைக் கிழித்துக் கொடுப்பதை என்ன செய்தோம்? அம்மா மாதிரி சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை சிறுநீரகத்தில் கை வைக்கும். அதற்குச் சீட்டு கேட்பாரில்லை. எண்ணெய் போட்டு நரம்பு எடுக்கிறேன் என்று கடை விரித்தவரிடம் போகவும் சீட்டு வேண்டாம். பட்டம் வாங்கினவரிடம் போக மட்டும் வேண்டும்.

2025 செப்டம்பரில் பிசியோதெரபிஸ்ட்கள் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடக்கூடாது என்று டெல்லியில் இருந்து ஒரு கடிதம் வந்தது, மறுநாளே வாபஸ் ஆனது. யார் டாக்டர் போட்டுக்கொள்வது என்று பெரியவர்கள் சண்டை போடுங்கள். கையைத் தூக்க முடியாமல் வரிசையில் நிற்கிறவர்களை யாராவது பாருங்கள். தனியார் பிசியோவுக்கு ஒவ்வொரு நாளும் காசு கொடுத்துப் போக முடிந்தவர்கள் இந்த வரிசையில் நிற்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

கோபத்தில் அதிகம் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் துறைதான் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில் வீட்டு வாசலுக்கே பிசியோதெரபிஸ்ட்டை அனுப்புகிறது, அது எத்தனை பேருக்கு உதவுகிறது என்பதை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். வீடு தேடி வர முடிந்தவரிடம், மருத்துவமனையில் நாங்கள் தேடிப் போனால் ஏன் முடியாது?

ஒரு சுற்றறிக்கை போதும். ஓ.பி. சீட்டு போடுகிற இடத்திலேயே பிசியோதெரபி என்று கேட்டு வாங்க வழி செய்யுங்கள். அதுவரைக்குமாவது, ஒருமுறை டாக்டர் எழுதிய சீட்டை பிசியோதெரபிஸ்டே நீட்டித்துத் தர அனுமதியுங்கள். டாக்டர் பார்க்க வேண்டியவர்களை பிசியோதெரபிஸ்ட்களே எலும்பு ஓ.பி.க்கு அனுப்பட்டும். சீட்டு இல்லாமல் பிசியோவைப் பார்க்க அனுமதிக்கும்படி மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சத்துணவு ஊழியரின் மகள்