கதிருக்கு அம்மா எழுதுவது

பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள கதிருக்கு,

நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு மாமா, "ஆம்பளைப் பையன், இதுக்குப் போய்க் கலங்கலாமா" என்றார். கலங்கலாம்டா. பல் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை மரத்துப்போக ஊசி போடும்போது, நோயாளி கையைத் தட்டிவிட்டு, பெற்றவளையும் இழுத்துத் திட்டினால் யாருக்கும் கை நடுங்கும்.

முதலில் ஊசி விஷயம். குத்தவில்லை என்றாய். கிளவ்ஸைக் கழற்றிப் பார்த்தாயா? சின்னக் கீறல் இருந்தாலும் மறைக்காதே. பிதுக்காமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஸ்டாஃப் டாக்டரிடம் சொல். எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. திட்டு வாங்கிய வெட்கத்தில் இதைச் சொல்லாமல் விட்ட நர்ஸிங் பிள்ளைகளை என் வார்டில் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், அந்த நோயாளிக்கு மரத்துப்போகாததற்கு உன் கைதான் காரணம் என்று நீயே முடிவு கட்டாதே. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் போடும் ஊசி அனுபவசாலிகளுக்கே சில நேரம் பிடிக்காது, சீழ் வைத்து வீங்கியிருந்தால் மருந்து சரியாக வேலை செய்யாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதானே!

காசிமேட்டு ஆட்களை எனக்குத் தெரியும். கடலுக்குப் போனால்தான் காசு. பல்வலி வந்தால் கிராம்பைக் கடிப்பார்கள், மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்குவார்கள், ராத்திரித் தூக்கம் மொத்தமும் போன பிறகுதான் ஓ.பி. சீட்டு வாங்க வருவார்கள். உன்னிடம் வருகிறவர்களும் அப்படித்தான் இருப்பார்கள். சட்டென்று பிடுங்கிவிடுவார்கள் என்று நம்பி வந்தவரை, கேஸ் ஷீட், எக்ஸ்ரே, ஸ்டாஃப் கையெழுத்து என்று உட்கார வைக்கிறீர்கள். "என் வாயிலயா பழகுற?" என்பது பயத்தில் வரும் கேள்வி. அவர் கேட்கும் முன்பே நீ சொல்லிவிடு: நான் மாணவன், டாக்டர் பக்கத்திலேயே இருப்பார், நேரமாகும், வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், நிறுத்துகிறேன் என்று. சொன்னபடி நிறுத்தவும் வேண்டும்.

ஆனால் கை நீட்டுவது வேறு. "நோயாளிதானே, பொறுத்துப் போ" என்று உன் சீனியர் சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முடிக்க வேண்டிய கேஸ் கோட்டா முடியாது, இன்டர்னல் மார்க் போய்விடும் என்று பயந்து பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள். அடுத்த செட்டுக்கும் அதுவே நடக்கிறது. மருத்துவமனையில் வேலை செய்பவர்களைத் தாக்குவது ஜாமீனில் வர முடியாத குற்றம் என்று நம் மாநிலத்தில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. உடனே போலீசுக்குப் போ என்று சொல்லவில்லை. தேதி, நேரம், கூட இருந்தவர்கள் பெயர் எல்லாம் எழுதித் துறைத் தலைவரிடம் கொடு, ஒரு நகல் வைத்துக்கொள். இனி யாராவது கை ஓங்கினால் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு விலகி நின்று ஸ்டாஃபைக் கூப்பிடு. தனியாகச் சமாளிக்கப் பார்க்காதே.

திங்கட்கிழமை கொடுத்துவிட்டுப் போன் பண்ணு. அவர் வாங்க மாட்டேன் என்றால் சொல், நான் ராத்திரி வண்டிக்கே புறப்பட்டு வருகிறேன்.

அம்மா