கெர்பாவ் ரோட்டு வண்ண வீட்டை உள்ளே பார்க்க வழிசெய்யுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற பள்ளி விடுமுறையில் பேத்தியை நீல் சாலையில் உள்ள பாபா இல்லம் என்ற பெரனாக்கான் சீனர் மரபு வீட்டுக்குக் கூட்டிப்போனேன். கப்பல் தொழிலதிபர் வீ பின்னின் வழித்தோன்றல்கள் வாழ்ந்த வீடு அது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் அதை 1928ஆம் ஆண்டுவாக்கில் இருந்த கோலத்துக்கே மீட்டு, 2008இல் திறந்துவைத்தது. மாடிப் படுக்கையறையின் தரையில் கீழ்க்கூடத்தைப் பார்க்க ஒரு சின்னத் துவாரம் இருக்கிறது. வந்திருப்பது யார் என்று வீட்டிலுள்ளவர்கள் அதன்வழியே பார்த்துக்கொள்வார்களாம். பேத்தி மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தவள் எழுந்திருக்கவே இல்லை. "பாட்டி, கீழே ஒரு தாத்தா தலை சொறிகிறார்" என்றாள்.

வீடு திரும்பும் வழியில் தேக்காவில் இறங்கிக் காய்கறி வாங்கினோம். கெர்பாவ் ரோட்டில் டான் டெங் நியாவின் வண்ண வீட்டைப் பார்த்ததும், "இதற்குள்ளும் அந்த மாதிரி ஓட்டை இருக்குமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஐம்பது வருடங்களாக அந்தப் பக்கம் போய்வருகிறேன், உள்ளே ஒரு முறைகூடக் கால்வைத்ததில்லை.

அந்த வீட்டின் முன் படம் எடுக்காத சுற்றுப்பயணி இல்லை. கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும்கூட வந்து நிற்கிறார்கள். ஆனால் அது யார் வீடு என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1900இல் கட்டப்பட்டது, எட்டு அறைகள் கொண்டது, லிட்டில் இந்தியாவில் மிஞ்சியிருக்கும் ஒரே சீன வில்லா. டான் டெங் நியா மிட்டாய் வியாபாரத்தில் முன்னேறிய தவுக்கே, அதாவது சீன முதலாளி. சிராங்கூன் சாலைப் பக்கம் அவருக்கு மிட்டாய் ஆலைகள் இருந்தன. கரும்பிலிருந்து சீனி எடுத்து மிட்டாய் செய்தார்கள். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தாள்களைப் புகையில் உலர்த்தும் கூடமும் இருந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் கண் விரியப் பார்க்கிறோமே அந்தச் சிவப்பும் மஞ்சளும் நீலமும், அவையெல்லாம் பிற்காலத்துப் பூச்சு. முதலில் அது வெள்ளைச் சுவரும் பச்சைக் கூரையுமாக இருந்த வீடு.

கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. பக்கத்துத் தெருவின் பெயரும் பஃபலோ ரோடுதான். நம்மவர்கள் மாடு வளர்த்த, பால் விற்ற இடம் அது. என் தாத்தாவும் அங்கே பால் கறந்தவர். ஒரே வட்டாரத்தில் ஒரு பக்கம் மாட்டுக்கொட்டகை, மறுபக்கம் மிட்டாய் ஆலை. அதனால் அந்த வீட்டின் கதையில் நமக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

1980களில் இடித்துவிடாமல் புதுப்பித்துக் காப்பாற்றினார்களே, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் உள்ளே நடப்பது வணிகம். பலெஸ்டியர் பக்கம் போய்ப் பாருங்கள். ரப்பர் தொழிலதிபர் தியோ எங் ஹாக் 1905இல் தம் அம்மாவுக்காக வாங்கிய வில்லா, சீனப் புரட்சித் தலைவர் டாக்டர் சுன் யாட் சென் தங்கிய வீடு, இன்று நினைவு மண்டபமாக எல்லாருக்கும் திறந்திருக்கிறது. பாபா இல்லத்தை வாங்கவும் மலாயா சீனர் தலைவர் துன் டான் செங் லாக்கின் மகள் 4 மில்லியன் வெள்ளி நன்கொடை கொடுத்தார். மனம் இருந்ததால் நடந்தது.

வீடு முழுவதையும் கேட்கவில்லை. கீழே ஓர் அறை போதும். மிட்டாய் காய்ச்சிய விதம், ரப்பர் கூடம், அந்தத் தெருவின் மாட்டுக்கொட்டகைகள், இவற்றை அங்கே காட்டலாம். விளக்கப் பலகைகளில் கட்டாயம் தமிழும் இருக்க வேண்டும். இந்திய மரபுடைமை நிலையம் கேம்பல் லேனில், நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. அங்கு வரும் பள்ளிப் பிள்ளைகளை அப்படியே இங்கேயும் கூட்டிவரலாம்.

மரபுடைமைக் கழகம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தமிழில் சுற்றிக்காட்ட ஆள் வேண்டுமென்றால், ஓய்வுபெற்ற ஆசிரியையான நான் சனிக்கிழமை தோறும் வரத் தயார். என்னோடு வேலை பார்த்த இருவரும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

இப்படிக்கு,
வாசகி, பொத்தோங் பாசிர்