அக்காவுக்கு, கவரில் பேர் எழுதியதைப் பற்றி

அக்கா,

வருகிற ஞாயிறோடு அம்மா போய் இரண்டு வருஷம். போன தடவை நான் செய்த காரியத்தை இந்தத் தடவை செய்யப் போவதில்லை. அதைச் சொல்லத்தான் இது. என் நம்பரை நீ பிளாக் பண்ணி வைத்திருந்தாலும், நான் எழுதுவதை உன் மகள் வாசிக்கிறாள். அவள் உன்னிடம் காட்டுவாள். நம்ம ஊர்க்காரர்களும் வாசிப்பார்கள் என்பதால் சிலதை நான் தொடப்போவதில்லை. அத்தான் விஷயம் அதில் ஒன்று. 2021 மே மாசம் உனக்கு நான் போனில் சொன்ன அந்த ஒரு வரியையும் இங்கே எழுத மாட்டேன். உனக்கு அது மறந்திருக்காது.

கவருக்கு வருகிறேன். ஸ்தோத்திர காணிக்கைக் கவரில் அம்மாவின் முதலாம் வருஷ நினைவாக என்று எழுதி, அடியில் என் பேரோடு உன் பேரையும் சேர்த்தேன். நம்ம சபைப் போதகர் ஐயர் வழக்கம்போல் ஆராதனையில் அதை வாசித்தார். பெரியம்மை மகன் அன்றைக்கு மத்தியானமே உனக்குப் போன் போட்டு, "திரும்பக் கோயிலுக்கு வர ஆரம்பிச்சிட்டியாமே" என்று கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். அவருக்கு வேறு என்ன வேலை.

உன்னைக் கேட்காமல் எழுதியது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீயும் யோசித்துப் பார். கவரில் ஒரு மகள் பேர் மட்டும் இருந்தால், வாசல்படி இறங்குவதற்குள் எத்தனை பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு "மூத்தவ வரலையா" என்று கேட்டிருப்பார்கள்? அந்தக் கேள்விக்குப் பயந்துதான் எழுதினேன். உன் ஆத்துமாவைப் பிடித்து இழுத்து வரும் நோக்கம் எனக்கு இல்லை. சரி, கொஞ்சம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

"என் பேரால ஸ்தோத்திரம் சொல்ல நீ யாரு" என்று கேட்டாய். அதற்குப் பிறகு நீ பேசவில்லை. பதில் இன்றைக்கும் என்னிடம் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு ஒரு வருஷமாக நான் போய் நிற்பது எப்போதும் ஒரே இடத்தில்தான். நம்ம பழைய வீட்டு அடுப்பங்கரையில், டால்டா டின்னுக்குப் பக்கத்தில்.

திருநெல்வேலி மாவட்டத்தைப் பிரித்த வருஷம், 1986. சாத்தான்குளம் அந்தப் பக்கமும் திசையன்விளை இந்தப் பக்கமும் ஆகி, சித்தி ஒரே ராத்திரியில் வேறு மாவட்டத்துக்காரி ஆகிவிட்டாள் என்று நாம் சிரித்த ஐப்பசி. உனக்குப் பன்னிரண்டு, எனக்கு எட்டு. பனை ஓய்ந்து இரண்டு மாசம் ஆகியிருந்தது. கருப்பட்டி விற்ற காசு பழைய கடனுக்குப் போய்விட்டது. அடுத்த பதனீர்க் காலத்தின் பேரில் முன்பணம் கேட்க அப்பா திசையன்விளைக்குப் போனவர் மழையில் அங்கேயே தங்கிவிட்டார். அம்மா பெண்கள் ஐக்கிய சங்கத்து ஜெபத்துக்குப் போயிருந்தாள். முந்தின ராத்திரி குடித்த கருப்பட்டிக் காப்பியோடு சரி, வேறு ஒன்றும் நம் வயிற்றில் இல்லை. நான் அழ ஆரம்பித்தேன்.

அந்த டால்டா டின்தான் நம்ம கைப்பிடி அரிசி டின், அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அதில் போட்டிருந்த மரம் தென்னையா பனையா என்று நாம் எத்தனை நாள் சண்டை போட்டிருப்போம். உலை வைக்கும்போதெல்லாம் அம்மா ஒரு பிடி அரிசியை அதில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவாள். ஒரு ஆழாக்குதான் இருக்கிற நாளிலும் அந்தப் பிடி போகும். மாசம் பிறந்தால் எல்லா வீட்டு அரிசியும் கோயிலில் ஏலத்துக்கு வரும், காசு ஊழியத்துக்குப் போகும். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912இல் பிஷப் ஆன கதையை அப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பார். பாளையங்கோட்டையில் 1903இல் தொடங்கிய மிஷனெரி சங்கம் அவரைத் தோர்ணக்கல்லுக்கு அனுப்பியதையும், நம்ம ஜனங்கள் வாயைக் கட்டிச் சேர்த்த காசு தெலுங்கு தேசம் வரைக்கும் போனதையும் நேற்று நடந்தது போலச் சொல்வார். 

நீ ஸ்டூல் போட்டு ஏறி டின்னை இறக்கினாய். எண்ணி எடுத்தாய். ஆறு பிடி. "என் கை சின்னது, அம்மா கைக்கு இது நாலு பிடிதான் வரும்" என்று நீயே ஒரு நியாயத்தையும் சொல்லிக்கொண்டாய். ஈர விறகு பிடிக்கவில்லை, ஊதி ஊதி உன் கண் சிவந்துபோனது. கஞ்சியில் கல் உப்பைப் போட்டு, இரண்டு சின்ன வெங்காயத்தைத் தட்டிப் போட்டாய். நான் கும்பாவில் கை வைக்கப் போனபோது தட்டிவிட்டு, "ஏட்டி, கண்ணை மூடு" என்றாய்.

அப்புறம் ஜெபம் பண்ணினாய். "ஆண்டவரே, உம்ம அரிசிக்கு ஸ்தோத்திரம். ஆமென்."

அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு முன்னால் எத்தனையோ ஜெபம் கேட்டுவிட்டேன். கன்வென்ஷன் பந்தல்களில் அரை மணி நேர ஜெபம், அசன பண்டிகையில் ஆயிரம் பேருக்கு முன்னால் மைக்கில் ஜெபம். எதுவும் அதுபோல எனக்குள் இறங்கவில்லை. 

அம்மா வந்தாள். பானையைப் பார்த்தாள், டின்னைப் பார்த்தாள். "எவ எடுத்தா?" நான் உன்னைக் கை காட்டினேன். இரண்டு கும்பா குடித்த கை அது. நீ பயப்படவில்லை. "தாவீது பசிச்சப்ப ஆண்டவருக்குப் படைச்ச சமுகத்தப்பம் சாப்பிடலையா? இயேசுவே அதைத் தப்புன்னு சொல்லலையே" என்றாய். ஞாயிறு பள்ளியில் உனக்குப் பரிசு வாங்கித் தந்த வாய். அதோடு விட்டிருந்தால் அடி விழுந்திருக்காதோ என்னவோ. "தோர்ணக்கல்லுல பிள்ளைக சாப்பிட்டா ஊழியம், நாங்க சாப்பிட்டா களவா?" என்று வேறு கேட்டுவிட்டாய். அகப்பைக் காம்பு உடைகிற மட்டும் அடித்தாள்.

அரிசிக் களவாணி என்ற பேர் உன் கல்யாணப் பந்தல் வரைக்கும் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எனக்காக எடுத்த அரிசி என்று நான் ஒரு இடத்திலும் சொன்னதில்லை. கவருக்கு முன்னாலேயே உன் பேரை ஒரு தடவை நான் இப்படிப் பயன்படுத்தியிருக்கிறேன் என்பது போன மாசம்தான் எனக்கு உறைத்தது.

ஆனாலும் அக்கா, ஒன்று கேட்கிறேன். நீ ஜெபத்தை விட்டதற்கு அம்மா என்ன செய்தாள்? படுத்த படுக்கையாய் இருந்த இரண்டு வருஷமும் மாசா மாசம் ஐந்தாம் தேதி பணம் அனுப்பினாய். ஒரு மாசம்கூடத் தவறவில்லை, மறுக்க மாட்டேன். ஆனால் காசு வந்து படுக்கைப் புண்ணைத் துடைக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார வைக்காது. "மூத்தவ வருவாளாட்டி?" என்று அவள் கேட்கும்போது பதில் சொல்லாது. நீ கோபப்பட்டது கடவுள்மேல். அந்தக் கோபத்துக்கு வாடகை கட்டியது நான்.

ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று அம்மா சொல்வது உனக்கு எரிச்சல். எனக்கும்தான், நீ நினைக்கிற மாதிரி இல்லை. பஸ் வந்தால் ஸ்தோத்திரம், குழாயில் தண்ணீர் வந்தால் ஸ்தோத்திரம், கால் இடறி விழாமல் நின்றால் அதற்கும். "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று பவுல் எழுதியதை அம்மா ஒரு விதிவிலக்கும் இல்லாமல் எடுத்துக்கொண்டாள். எல்லாவற்றிலேயும் என்று இருக்கிறதே தவிர எல்லாவற்றுக்காகவும் என்று இல்லை, இரண்டும் ஒன்றில்லை என்று நான் விளக்கினால், "படிச்சவ சொல்லுத" என்பாள். 

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த வெள்ளம். நீ விடாமல் போன் போட்டாயாம். இங்கே கரண்டும் இல்லை, டவரும் இல்லை. ஆற்றுத் தண்ணீர் வண்ணார்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் ஏறியபோது மாடிவீட்டுப் பையன்கள் இரண்டு பேர் அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கினார்கள். தொழுகைக்குப் போகிற பிள்ளைகள். படியில் பாதி ஏறும்போது அம்மா கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தாள். குனிந்து கேட்டேன். நாற்காலிக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே என் கட்டில், பீரோ, பிள்ளையின் புத்தகம் எல்லாம் மிதக்கிறது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எந்த ஐயரிடமும் சொன்னதில்லை. ஆனாலும் அடுத்த மாசம் கோயிலில் எழுந்து அந்த நாற்காலியைச் சாட்சியாகச் சொன்னேன், குரல் தழுதழுக்க. இரண்டுமே நான்தான்.

இனிமேல் எழுதுவதற்காகத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன். அந்த ஐப்பசி ராத்திரி நீ அழுது தூங்கிவிட்டாய். நான் தூங்கவில்லை. அடுப்பங்கரையில் சிம்னி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மீந்த கஞ்சியை அம்மா பானையோடு எடுத்தாள். ஊற்றிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். நின்றபடியே கண்ணை மூடினாள், உதடு அசைந்தது. அப்புறம் குடித்தாள். பானையின் அடியில் ஒட்டியிருந்த பருக்கையையும் விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். திரும்பினபோது நான் பார்ப்பதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, விளக்கைக் குறைத்தாள். 

நாற்பது வருஷம் ஆகப்போகிறது. அவள் இருக்கும்போது உன்னிடம் சொன்னால் அவளைக் காட்டிக் கொடுத்தது போல ஆகும் என்று இருந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னால் நீ நல்லவளாகிவிடுவாய் என்ற பயமும் இருந்திருக்கலாம்.

அவள் உதடு அசைந்தபோது என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அதனால் எழுதவில்லை.

ஞாயிறு கவரில் என் பேர் மட்டும்தான் இருக்கும். யாராவது கேட்டால் மூத்தவள் வரவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். டின் என்னிடம்தான் இருக்கிறது, வெள்ளத்தில் மிதந்து மாடிப்படிக்கு அடியில் போய் ஒதுங்கியிருந்தது. உனக்கு வேண்டும் என்றால் மே லீவுக்கு உன் மகள் வரும்போது கொடுத்து அனுப்புகிறேன். துருவைச் சுரண்டிவிட்டேன். மூடி மட்டும் கிடைக்கவில்லை.

தங்கை