செப்டம்பர் 23 நிழல் அளக்கும் நாள்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் 23-ஆம் தேதி, புதன்கிழமை, ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளி மைதானத்தில் நிழல் அளக்கப் போகிறார்கள். காலாண்டுத் தேர்வு நேரத்தில் இது எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

அன்று சம இரவு பகல் நாள். மார்ச் 20 அல்லது 21, செப்டம்பர் 22 அல்லது 23 என வருடத்துக்கு இரண்டு முறை வரும். காரணம் கேட்டால், "அன்னைக்கு பூமி நேரா நிமிர்ந்துடும் சார்" என்று பல பிள்ளைகள் சொல்கிறார்கள். பூமி நிமிர்வதே இல்லை. அதன் அச்சு 23.5 டிகிரி சாய்ந்தபடியேதான் வருடம் முழுக்கச் சூரியனைச் சுற்றுகிறது. சாயும் திசையும் மாறுவதில்லை.

போகி நெருப்பைச் சுற்றி ஒருவர், எந்தப் பக்கம் போனாலும் கிழக்கே கடலை நோக்கியே சாய்ந்தபடி நடக்கிறார் என்று வையுங்கள். நெருப்புக்கு மேற்கே இருக்கும்போது அவர் தலை தீயின் பக்கம் சாயும். கிழக்கே வந்தால் தீயை விட்டு விலகும். வடக்கிலும் தெற்கிலும் சாய்வு பக்கவாட்டில் போய்விடும். ஜூன், டிசம்பர், மார்ச், செப்டம்பர் நான்கும் இவ்வளவுதான். சாய்வு பக்கவாட்டில் இருக்கும் நாளில், வெளிச்சத்தையும் இருட்டையும் பிரிக்கும் கோடு இரண்டு துருவங்களையும் தொட்டுக்கொண்டு போகும். அதனால் எண்ணூரானாலும் லண்டனானாலும் பாதிச் சுற்று வெளிச்சம், பாதிச் சுற்று இருட்டு.

நாம் நிலநடுக்கோட்டிலிருந்து 13 டிகிரிதான் வடக்கே இருக்கிறோம். அதனால் சென்னையில் மிக நீண்ட பகலே சுமார் 12 மணி 53 நிமிடம்தான். மிகக் குறுகியது 11 மணி 21 நிமிடம்.

ஒரு விஷயம். அன்று இங்கே சூரியன் சுமார் 5.58-க்கு உதித்து 6.05-க்கு மறையும். கணக்குப் போட்டால் பகல் ஏழு நிமிடம் கூடுதல்! பிள்ளைகள் இதைக் கேட்க வேண்டும் என்று ரொம்ப ஆசைப்படுகிறேன். சூரியனின் மேல்விளிம்பு தெரிந்ததுமே உதயம் என்று எழுதிவிடுகிறோம். அதோடு, காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால், இன்னும் அடிவானத்துக்குக் கீழே இருக்கும் சூரியனும் நம் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சி நடுவோம். பகல் 12 மணி தாண்டி ஓரிரு நிமிடத்தில் நிழல் மிகக் குட்டையாகி, ஏறக்குறைய 23 சென்டிமீட்டரில், நேர் வடக்கே விழும். காலையிலிருந்து நிழல் நுனியைப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தால், புள்ளிகள் மேற்கிலிருந்து கிழக்காக ஒரே நேர்கோட்டில் நிற்கும். மற்ற மாதங்களில் அந்தக் கோடு வளையும். ஒரு புள்ளிக்குச் சில நிமிடம்தான் ஆகும். தேர்வுக்கு இடைஞ்சல் வராது.

காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகும் பெற்றோரிடம் தனியாக ஒரு வேண்டுகோள். தடைக்காலம் முடிந்து ஜூன் நடுவில் போனபோது சூரியன் கிழக்கிலிருந்து நன்றாக வடக்கே தள்ளி எழுந்ததைப் பார்த்திருப்பீர்கள். 23-ஆம் தேதி நேர் கிழக்கில் எழும். அப்புறம் டிசம்பர் வரை தெற்கே நகரும். நீங்கள் கண்ணால் கண்டதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். வகுப்பிலேயே வந்து பேச முடிந்தால் இன்னும் நல்லது. அறிவியல் ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளிடம் தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தனுப்புங்கள். மேகமூட்டமாக இருந்தால் மறுநாள் அளப்போம். ஒரு நாளில் பெரிய வித்தியாசம் வராது.

அன்புடன்,
தலைமையாசிரியர்