அம்மாவின் காலண்டரைப் பொறுமையாகப் படித்தவருக்கும் உடனிருந்த உங்கள் அனைவருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

தங்கையைத் தாக்கிய மூளை அழற்சியால் (மூளைக்காய்ச்சல்) எங்கள் குடும்பம் எதைக் கடந்து வந்தது என்பதை இம்மடலைப் படிக்கும் பெரும்பாலோர் அறிவீர்கள். உங்களில் பலர் எங்களோடு மருத்துவமனைத் தாழ்வாரத்து நாற்காலிகளிலேயே இரவைக் கழித்திருக்கிறீர்கள். ஆகவே அதையெல்லாம் திரும்பச் சொல்லப்போவதில்லை. தங்கை வீட்டுக்கு வந்துவிட்டாள். தன் கையால் சாப்பிடுகிறாள், எங்களை அடையாளம் கண்டு பேசுகிறாள், பேச்சின் நடுவே சில சொற்கள் வராமல் நின்றால் கோபப்படாமல் காத்திருக்கிறாள். முழுதாகத் தேற இன்னும் பல மாதங்கள் ஆகலாம் என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அது போதும் எங்களுக்கு.

தொலைபேசியில் அழைத்த மாமாக்களும் அத்தைகளும் கேட்ட ஒரே கேள்விக்கு இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன். மூளைக்காய்ச்சல் என்றதும் கொசு கடித்ததா, குளத்து நீரா, வெளியூரில் ஒட்டிக்கொண்ட கிருமியா என்றுதான் எல்லோரும் கேட்டீர்கள். கேட்டதில் தவறில்லை, மருத்துவர்களும் முதலில் அதைத்தான் தேடினார்கள். ஹெர்பிஸ் என்னும் அக்கி வகைக் கிருமி மூளையைத் தாக்கியிருந்தால் மருந்து தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து என்பதாலும், மருந்தே தராவிட்டால் அந்நோயில் பத்தில் ஏழு பேர் வரை இறந்துவிடுவார்கள் என்பதாலும், சோதனை முடிவு வருவதற்கு முன்பே அக்கிருமிக்கான அசைக்ளோவிர் மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். தங்கைக்கு வந்தது அதுவன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பொருள்களே திரும்பி, மூளை நரம்பணுக்களின் மேற்பரப்பில் இருக்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளை, அதாவது செய்தியை வாங்கும் வாயில்களை, பிடித்துக்கொள்வதால் வரும் அழற்சி அது. அமெரிக்காவில் டால்மாவ் என்ற நரம்பியல் மருத்துவரும் அவர் குழுவினரும் 2007இல், பெரும்பாலும் சினைப்பையில் ஒரு வகைக் கட்டி இருந்த 12 பெண்களிடம் இந்த எதிர்ப்பொருளைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். பிறகுதான் கட்டியே இல்லாதவர்களுக்கும், ஆண்களுக்கும், சிறு குழந்தைகளுக்கும் இது வரும் என்று தெரியவந்தது. அதாவது என் தங்கை பிறந்தபோது இந்த நோய்க்குப் பெயரே கிடையாது. அதற்கு முந்தைய தலைமுறையில் இதே அறிகுறிகளோடு இருந்த பெண்களில் எத்தனை பேரைப் பித்துப் பிடித்தவள் என்று அடைத்து வைத்தார்களோ, எத்தனை பேரைப் பூசாரியின் முன் உட்கார வைத்தார்களோ, நினைத்தால் உள்ளங்கை சில்லிடுகிறது.

இனி, நான் முதன்மையாக நன்றி சொல்ல வேண்டியவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் மருத்துவர் அல்லர், தாதியும் அல்லர். மூளை அழற்சியின் காரணங்களைப் பற்றி நடக்கும் ஓர் ஆய்வுக்காகத் தகவல் திரட்டும் இளம் மலாய்ப் பெண். கையில் ஒரு கோப்பும் கழுத்தில் அடையாள அட்டையுமாக அவர் வார்டுக்குள் வந்தபோது, இன்னொரு கையெழுத்து கேட்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தோம். ஆய்வில் சேருவதும் சேராததும் எங்கள் விருப்பம், சேராவிட்டாலும் தங்கைக்குக் கிடைக்கும் சிகிச்சையில் எந்த மாற்றமும் இராது, சேர்ந்தால் எடுத்துவைத்த முதுகுத்தண்டு நீரின் மீதியை அவள் பெயரை நீக்கி ஓர் எண்ணிட்டுப் பாதுகாப்பார்கள் என்று அவர் நிதானமாக விளக்கினார். நான் கையெழுத்திட்டேன். படிவத்தில் அடுத்த கட்டம், நோய் தொடங்கிய நாள்.

நான் ஏதோ ஒரு தேதியைச் சொன்னேன். வலிப்பு வந்த நாள் அது. அவர் எழுதாமல் அம்மாவைப் பார்த்து, “ஆன்ட்டி, அதற்கு முன்னால் உங்கள் மகள் மாறியிருக்கிறாள் என்று உங்களுக்கு எப்போது தோன்றியது?” என்று மலாயில் கேட்டார்.

அதுவரை அந்த மருத்துவமனையிலும், அதற்கு முன் நாங்கள் போய்வந்த ஒரு கிளினிக்கிலும், அம்மாவிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. “அம்மா, கொஞ்சம் வெளியில் இருங்க” என்பதுதான் அவரிடம் பேசப்பட்ட வார்த்தை. அந்தக் கிளினிக்கில் வேலைப் பளு, மன அழுத்தம், தூக்க மாத்திரை என்று அனுப்பிவைத்தார்கள். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கதவு திறந்துவிட்டது. இப்போது கேட்டதும் அம்மா சற்றுத் திகைத்து, “எல்லாம் காலண்டர்ல எழுதி வச்சிருக்கேனே” என்றார்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்கு அந்தக் காலண்டரைத் தெரியும். குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்தில், தமிழ் மாதத் தேதியும் நட்சத்திரமும் இராகு காலமும் அச்சிட்ட மாதத் தாள், நூலில் கட்டித் தொங்கும் பென்சில். கேஸ் வந்த நாள், பிரதோஷம், சீட்டுப் பணம், யார் வீட்டுத் திருமணத்துக்கு எவ்வளவு மொய் என்று அம்மா அதில் எழுதாத விஷயமில்லை. நாங்கள் கேலி செய்வதும் உண்டு. அந்தப் பெண் கேலி செய்யவில்லை. “அதைக் கொண்டுவர முடியுமா?” என்று கேட்டார். மறுநாள் சனிக்கிழமை, அவருக்கு விடுமுறை. இருந்தும் வருவதாகச் சொன்னார், வந்தார். நான் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குக் காலை பெர்ரியில் அந்தத் தாளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

தாளைக் கட்டிலின் கால்மாட்டில் விரித்தோம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்துப் படித்தார். அவர் மலாயில் தடுமாறிய இடங்களில் நான் எடுத்துச் சொன்னேன். “பாப்பாவுக்குத் தலவலி, லேசா காய்ச்சல். ரெண்டு பனடோல்.” சில கட்டங்கள் தள்ளி, “ராத்திரி தூங்கல. ஒரே பேச்சு.” பிறகு, “கூப்பிட்டா திரும்பல. காரணமில்லாம அழறா.” அதற்கும் கீழே, கேஸ் வந்த குறிப்புக்கு அடுத்து, சிறிய எழுத்தில், “வாயை மென்னுக்கிட்டே இருக்கா. வாயில ஒண்ணும் இல்ல.” இந்த வரி வந்ததும் அந்தப் பெண் பேனாவை நிறுத்தி, எந்த நேரம், தூக்கத்திலா விழிப்பிலா, கைகளும் அசைந்தனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு வெள்ளைத் தாளில் கோடு இழுத்து, காய்ச்சல், தூக்கம், நடத்தை, பேச்சு, வாயசைவு, வலிப்பு என்று வரிசையாகக் குறித்தார். அம்மாவுக்கு நினைவு தடுமாறிய இடத்தில் அவசரப்படுத்தவில்லை, “அன்று கோயிலுக்குப் போனீர்களா?” என்று கேட்டு அந்த நாளைப் பிடித்துக்கொடுத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அத்தனையும் ஒரே காலண்டர் தாளுக்குள் அடங்கிவிட்டது.

அது ஏன் முக்கியம் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. இந்த வகை மூளை அழற்சியை எப்படிக் கண்டறிவது என்று 2016இல் பல நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் கூடி வகுத்த வழிமுறையில், ஞாபகமோ நடத்தையோ தன்னிலையோ மூன்று மாதத்துக்குள் வேகமாகக் கெட்டிருக்க வேண்டும் என்பது முதல் அளவுகோல். இரத்தச் சோதனையோ ஸ்கேனோ அதைச் சொல்லாது; வீட்டிலிருந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். இந்நோயில் எம்.ஆர்.ஐ. படம் பெரும்பாலும் பழுதில்லாமலே இருக்கும். தங்கைக்கும் அப்படித்தான் இருந்தது, அதைப் பார்த்துத்தான் நாங்கள் ஒரு நாள் முழுக்க வீணாக மகிழ்ந்தோம். எதிர்ப்பொருளை இரத்தத்தில் மட்டும் தேடினால் சிலருக்குத் தப்பிவிடும் என்பதால் முதுகுத்தண்டு நீரிலும் தேட வேண்டும். விடை வரும்வரை நாட்கள் நகரும். அந்த இடைவெளியில், பிற காரணங்களை ஒதுக்கிவிட்டு, அறிகுறிகளின் வரிசையை நம்பிச் சிகிச்சையைத் தொடங்கலாம் என்பதுதான் அவ்வழிமுறையின் பயன். முடிவெடுத்தவர் நரம்பியல் மருத்துவர். அவருக்கு ஐயம் முன்பே இருந்தது. ஆயினும், அந்தப் பெண் எங்கள் ஒப்புதலோடு கொடுத்த காலண்டர் தாளை மருத்துவர் கையில் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் வந்து, “இதை எழுதியது நீங்களா?” என்று கேட்டதை நான் பார்த்தேன். அம்மாவின் முகத்தையும் பார்த்தேன்.

மூளை அழற்சி ஆராய்ச்சியின் வரலாறே இப்படிப் பொருந்தாத ஒன்றைக் கண்டு நின்றவர்களால் ஆனது என்று இப்போது தோன்றுகிறது. நம் நாட்டவருக்கு இது தெரியாத பாடமன்று. 1998இன் கடைசி மாதங்களில் மலேசியாவின் ஈப்போ வட்டாரத்திலும் பிறகு நெகிரி செம்பிலானிலும் மக்கள் மூளைக்காய்ச்சலில் விழத் தொடங்கியபோது, கொசுவால் பரவும் ஜப்பானிய மூளை அழற்சி என்று முடிவுகட்டிப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் அந்நோய் பெரும்பாலும் குழந்தைகளைத்தான் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றிப் பண்ணைகளில் வேலை செய்த பெரியவர்கள், தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். அந்த முரண்பாட்டை விடாமல் பிடித்துக்கொண்ட மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா காவ் பிங், 1999 மார்ச்சில் ஒரு நோயாளியின் முதுகுத்தண்டு நீரிலிருந்து புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். அது நிப்பா என்று பெயர் பெற்றது. 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தபின், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று அதை அடக்கினார்கள். யாரோ ஒரு குடும்பத்தின் துயரத்திலிருந்து எடுத்த சில சொட்டு நீர், பாதுகாப்பாக வைக்கப்பட்டதால், பிறருக்குப் பயன்பட்டது. தங்கையின் மாதிரியும் ஓர் உறைபெட்டியில் எண்ணாக இருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தம் இல்லை.

இங்கிலாந்தில் 203 நோயாளிகளை வைத்து நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், எவ்வளவு தேடியும் 37 விழுக்காட்டினருக்குக் காரணமே தெரியவில்லை என்று படித்தேன். எங்களுக்கு விடை கிடைத்தது. கிடைக்காமலே வீடு திரும்பும் குடும்பங்கள் இருக்கின்றன. எங்கள் வார்டிலேயே ஒரு குடும்பம் இருந்தது.

மற்ற அனைவருக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன். தனித்தனியாகச் சொல்லத் தொடங்கினால் யாராவது விடுபட்டுவிடுவார்கள் என்று அம்மாவுக்குப் பயம். தீவிர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர்கள், கையைக் கட்டாமல் பிடித்துக்கொண்டே இருந்த தாதியர், மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. கம்பிகளை முடி இழுபடாமல் கழற்றிய ஊழியர், மனைவி வேலைக்குப் போன நாட்களில் எங்கள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்த பக்கத்து வீட்டு அக்கா, பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் நேர்ந்துகொண்ட பெரியம்மா, தங்கையின் வேலையை அவளுக்காகக் காத்து வைத்த முதலாளி, பணமாகவும் சோறாகவும் உதவிய நண்பர்கள் ஆகிய எல்லோருக்கும் கைகூப்புகிறோம். செய்வினை என்று சொன்னவர்களும் அக்கறையால்தான் சொன்னீர்கள். ஆனால் இனி வேறு வீட்டில் இப்படி நடந்தால், தயவுசெய்து முதலில் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

இன்னொரு கூட்டத்தாருக்கும் நன்றி சொல்ல வேண்டும், அவர்களை நான் சந்திக்க வழியில்லை. தங்கைக்கு ஸ்டீராய்டோடு இரத்தக் குழாய் வழியே ஏற்றிய இம்யூனோகுளோபுலின் மருந்து, ஆலையில் செய்யும் இரசாயனமன்று. இரத்த தானம் செய்தவர்களின் பிளாஸ்மாவிலிருந்து (இரத்தத்தின் திரவப் பகுதி) பிரிப்பது, ஒரு தொகுதிக்குக் குறைந்தது ஆயிரம் பேருடைய பிளாஸ்மாவாவது சேர வேண்டும். அந்தக் கண்ணாடிப் புட்டியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த இரவில், உடல் அனுமதிக்கும்வரை தவறாமல் இரத்தம் கொடுப்பது என்று முடிவுசெய்தேன். தங்கை தொடர் ஆய்வுக்குச் சம்மதித்திருக்கிறாள். கேட்டபோது தலையசைத்துவிட்டு, படிவத்தை வாங்கித் தானே படித்த பிறகுதான் கையெழுத்திட்டாள். பிப்ரவரி 22ஆம் நாளை உலக மூளை அழற்சி நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். அதற்குள் இந்நோயின் ஆரம்ப அறிகுறிகளை எளிய தமிழில் இரண்டு பக்கமாக எழுதி, மருத்துவர் ஒருவரிடம் சரிபார்த்து, நம் கோயில்களிலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களிலும் கொடுக்க எண்ணியிருக்கிறேன். உதவ முன்வருபவர்கள் சொல்லுங்கள்.

திரட்டித் தந்த பணத்தில் செலவு போக மீந்ததை, கொடுத்தவர்களிடம் கேட்டுக்கொண்டு, எங்கள் வார்டில் இருந்த, விடை கிடைக்காத அந்தக் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டோம். கணக்கு என்னிடம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். தங்கைக்கு இப்போது தரும் மருந்துகள் எதிர்ப்பாற்றலைக் குறைப்பவை என்பதால், சளியோ இருமலோ உள்ளவர்கள் சில வாரங்கள் பொறுத்து வாருங்கள். மற்றவர்கள் மாலையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம். இரண்டு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் பேசினால் அவளுக்குக் களைப்பாகிறது.

நன்றியுடன்,
அவளுடைய அண்ணன், பட்டர்வொர்த்