அமெரிக்காவில் ஆலை கட்டுவோர் முதலில் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் ஊர் நிறுவனங்கள் அமெரிக்காவில் ஆலை தொடங்கும் செய்திகள் வணிகப் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. முதலீடு எவ்வளவு, எத்தனை பேருக்கு வேலை என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்தக் கட்டடம் எந்த விதிப்படி எழும்புகிறது என்று யாரும் கேட்பதில்லை. பணமும் மாதங்களும் கரைவது அங்கேதான்.

நாடு முழுமைக்கும் ஒரே ‘அமெரிக்கக் கோட்’, அதாவது கட்டட விதித்தொகுப்பு, கிடையாது. ஐ.பி.சி. (இன்டர்நேஷனல் பில்டிங் கோட்) என்னும் மாதிரி விதித்தொகுப்பு மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அதைச் சட்டமாக ஏற்பது மாநிலமோ நகரமோதான். ஒரு நகரில் 2018 பதிப்பு நடப்பில் இருக்கும், பக்கத்து நகரில் 2021. கலிபோர்னியாவும் புளோரிடாவும் தங்கள் திருத்தங்களோடு தனித் தொகுப்பாகவே வெளியிடுகின்றன. ஆகவே மனைக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே அந்த ஊர்க் கட்டட அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்: எந்தப் பதிப்பு, உள்ளூர்த் திருத்தம் என்ன, தீயணைப்புத் துறை ஒப்புதல் தனியா, குளிர்காலத்தில் மண் உறையும் ஆழம் எவ்வளவு (அஸ்திவாரம் அதற்கும் கீழே போக வேண்டும்). கடைசிக் கேள்வி நம்மவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. மினசோட்டாவின் தென்பகுதியில் அஸ்திவாரம் 42 அங்குலமும், வடபகுதியில் 60 அங்குலமும் கீழே இறங்கியாக வேண்டும்.

அடுத்தது காற்றுச் சுமை. பெரிய பிழைகள் நுழையும் இடம் இது. நம் இந்தியத் தரநிலையான ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி சென்னைக்குக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர் என்கிறது. கட்டடச் சுமைகளுக்கான அங்குள்ள தரநிலை ஏஎஸ்சிஇ 7. அதன் வரைபடத்தில் ஓரிடத்துக்கு மணிக்கு 115 மைல் என்றிருந்தால் அது சுமார் 51 மீட்டர். இரண்டும் 3 விநாடிச் சராசரியாக அளக்கும் வீச்சு வேகம்தான், ஒன்றேபோலத் தோன்றும். ஆனால் நம்முடையது 50 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வேகம், அதன் மேல் 1.5 என்ற சுமைக் காரணி (பாதுகாப்புக்காகச் சுமையைப் பெருக்கும் எண்) ஏறும். 2010 பதிப்பு முதல் அவர்கள் தருவது, சாதாரணத் தொழிற்கூடத்துக்கு, 700 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேகம், காரணி 1.0 மட்டுமே. அவர்கள் வேகத்தை எடுத்து நம் காரணியால் பெருக்கினால் சுமை ஒன்றரை மடங்காகி எஃகு வீணாகும். நம் வேகத்தோடு அவர்கள் காரணியைச் சேர்த்தால் கூரை ஆபத்தில் நிற்கும். பனிச் சுமையில் ஒரே நாட்டின் இரு பதிப்புகளுக்குள்ளேயே இந்தக் குழப்பம் உண்டு: ஏஎஸ்சிஇ 7இன் 2016 பதிப்பான 7-16இல் பனிக்குக் காரணி 1.6, 2022 பதிப்பான 7-22இல் வரைபட மதிப்பே உயர்த்தப்பட்டு காரணி 1.0 ஆகிவிட்டது. வரைபடம் ஒன்றிலிருந்தும் காரணி மற்றொன்றிலிருந்தும் எடுப்பவரைக் கணினி தடுக்காது.

கான்கிரீட்டில் நாம் கனசதுரத்தைச் சோதிக்கிறோம், அவர்கள் உருளையை. ஒரே கலவை உருளையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வலிமையே காட்டும். அவர்கள் கேட்கும் 4,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) என்பதை 27.6 மெகாபாஸ்கல் என்று அலகு மட்டும் மாற்றி, கனசதுரத்தில் 30 மெகாபாஸ்கல் தாங்கும் நம் எம்30 கான்கிரீட் போதும் என்பது தவறு. எம்35 அளவில் யோசிக்க வேண்டும்.

திருச்சிப் பக்கத்துப் பட்டறைகளில் எஃகுச் சட்டகம் செய்து கப்பலேற்றும் திட்டங்களில் வேறொரு சிக்கல். இந்தியத் தரமான ஐஎஸ் 2062 எஃகு, அங்குள்ள எஃகுக் கட்டட விதியின் பட்டியலில் இல்லை. ஏ36, ஏ572, ஏ992 என்ற அமெரிக்க ஏஎஸ்டிஎம் தரங்களில் சான்றுள்ள எஃகையே முதலில் வாங்கிவிடுவது மலிவு. நம் எஃகும் அதற்கு ஈடானதே என்று பிறகு நிரூபிக்கப் போனால், ஒவ்வொரு வார்ப்பு எண்ணுக்கும் சோதனை கேட்பார்கள். பற்றவைப்பு ஏடபிள்யூஎஸ் டி1.1 என்ற அமெரிக்கப் பற்றவைப்பு விதிப்படி, தொழிலாளியின் தகுதிச் சான்றும் அதன்படியே. இதைவிட முக்கியம், பட்டறை முன்கூட்டியே அங்கீகாரம் பெற்றிராவிட்டால் சிறப்பு ஆய்வாளர் வேலை நடக்கும்போதே வந்து பார்க்க வேண்டும் என்பது ஐ.பி.சி. 17ஆம் அத்தியாயம். பெயின்ட் அடித்து முடித்த தூணின் உள்ளே போட்ட பற்றவைப்பை யாரும் பின்னால் பார்க்க முடியாது.

தீ விதிகளே தளவமைப்பைத் தீர்மானிக்கின்றன. நூற்பாலை, ஆடை, பிளாஸ்டிக், வாகனத் தொழிற்கூடம் எல்லாம் ஐ.பி.சி.யில் எஃப்-1 என்னும் தொழிற்கூட வகை. அதில் ஒரு தீப்பகுதி (தீத்தடுப்புச் சுவர்களால் பிரிக்கப்பட்ட பரப்பு) 12,000 சதுர அடியைத் தாண்டினால், தீப்பிடித்தால் தானாக நீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் கட்டாயம். ஒரே தளத்தில், பரப்பு வரம்பின்றிக் கட்டும் சலுகை உண்டு. அதற்கு ஸ்பிரிங்ளரோடு நான்கு புறமும் 60 அடி திறந்தவெளி வேண்டும். பின்னால் யாராவது அந்த 60 அடிக்குள் கம்ப்ரசர் ஷெட் போட்டால் சலுகை போய்விடும். சரக்கை 12 அடிக்கு மேல் அடுக்கினால் உயர் அடுக்குச் சேமிப்புக்குத் தனி அனுமதி. அடுக்கின் உயரமும் சரக்கின் வகையும் மாறினால் ஸ்பிரிங்ளர் குழாயின் விட்டமும் பம்ப் திறனும் மாறும். தின்னரும் அசிட்டோனும் வைக்கும் இடத்தில், ஸ்பிரிங்ளர் இல்லாதபோது ஒரு கட்டுப்பாட்டுப் பகுதிக்கு (அபாயப் பொருளுக்கு அளவு வரம்பு வைத்த பகுதி) 120 காலன்தான், அதாவது சுமார் 454 லிட்டர். 200 லிட்டர் டிரம் இரண்டு வைக்கலாம். மூன்றாவது வந்தால் அந்தப் பகுதி அபாய வகையாகும். சுவர், காற்றோட்டம், வெளியேறும் வழி எல்லாம் மாறும். ஸ்பிரிங்ளர் இருந்தால் அளவு இரட்டிப்பாகும்.

அங்கே ஆலை மின்சாரம் 480 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மோட்டார் அதில் ஓடும், ஆனால் 20 சதவீதம் வேகமாக. மையவிலக்கு விசிறிக்கு அது 1.73 மடங்கு சுமை. ஓவர்லோடு ரிலே விழுந்துகொண்டே இருக்கும். கண்ட்ரோல் பேனலில் ஐரோப்பியச் சிஇ முத்திரை மட்டும் இருந்தால் மின் ஆய்வாளர் ஏற்பது அரிது. கண்ட்ரோல் பேனலுக்கான அமெரிக்கத் தரமான யூஎல் 508ஏ முத்திரையும், பேனல் தாங்கும் குறுக்குச்சுற்று மின்னோட்ட அளவும் பலகையில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். குழாய்த் திருகிலும் கவனம்: அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் நம் பிஎஸ்பி, அவர்களின் என்பிடி ஆகிய திருகு வகைகள் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 புரிதான். கையால் திருகினால் ஏறிவிடும். புரியின் கோணம் பிஎஸ்பியில் 55 பாகை, என்பிடியில் 60 பாகை என்பதால் அழுத்தம் ஏறும்போது கசியும்.

அந்த மாநில உரிமம் பெற்ற பொறியாளரை முதல் வரைபடத்திலிருந்தே சேர்ப்பது நல்லது. எல்லாம் முடித்து முத்திரை மட்டும் வாங்கும் யோசனை வேண்டாம். தம் நேரடிப் பொறுப்பில் தயாராகாததற்கு முத்திரை குத்துவதைப் பெரும்பாலான மாநிலச் சட்டங்கள் தடுக்கின்றன. கொள்முதல் ஆணையிலும் ‘அமெரிக்கத் தரப்படி’ என்ற ஒற்றை வரியை விட்டுவிட்டு, தொகுப்பின் பெயர், பதிப்பு ஆண்டு, எஃகுத் தரம், பேனல் முத்திரை, ஆய்வாளர் வரும் கட்டம் எல்லாவற்றையும் எழுத வேண்டும். இல்லையென்றால் அங்கே நிராகரிக்கப்பட்ட பொருளை மாற்றும் செலவு யாருடையது என்பதற்கு ஒப்பந்தத்தில் விடை இருக்காது.

இப்படிக்கு,
கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி